நடுவில் இடம் விட்டு எடுத்த தீவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை மாதிரி ஒரு மடையனை நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள். நாலடி தெர்மோகோல் பலகையை இரண்டாக வெட்டி, செல்லோடேப்பால் கீல் வைத்து, பழைய போர்வையில் சுற்றி, ஆரணியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நெடுந்தீவு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். பஸ், விமானம், மறுபடி பஸ், கடைசியில் படகு. வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்க இதை விட்டால் வேறு சாமான் கிடையாது என்று விமான நிலையத்தில் மூன்று பேரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். தீவில் இறங்கி, போர்வையைப் பிரித்து, பலகையை விரித்து நிறுத்திய பிறகுதான் புத்திக்கு எட்டியது. அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்றும் எட்டியது. நான் எடுக்கப் போன படங்களில் முகமே கிடையாது.

ஆரணியில் நான் புடவைக்குப் படம் பிடிக்கிறவன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுத்ததுண்டு. ஆனால் இப்போது சோறு போடுவது பட்டுக்கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்கள்தான். பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு பெண்ணைப் புடவை கட்டி நிற்க வைத்து நான் எடுப்பேன். இம்மானுவேல் கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணை மட்டும் வெட்டியெடுத்து வேறு இடத்தில் கொண்டுபோய் ஒட்டுவான். அரண்மனை, அருவி, பனிமலை. ஸ்டூடியோவை விட்டு நகராமலே எங்கள் ஊர்ப் புடவைகள் பாதி உலகம் பார்த்துவிட்டன. இருபத்திரண்டு வருஷக் கூட்டு. படம் எடுக்கும்போது பலகையைப் பிடிப்பவனும் அவன்தான். எந்தப் பக்கம் பிடிப்பது என்பதை அவன் முடிவு செய்வான். நான் பட்டனை அழுத்துவேன், நடுவில் ஜோக் அடிப்பேன். ஸ்டூடியோவில் என் வேலை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நிற விஷயத்தில் அவன் படு கறார். அரக்குப் புடவை திரையில் மெரூனாகத் தெரிந்தால் புடவையையே கொண்டுவரச் சொல்லி மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பான். கடைக்காரர் கொஞ்சம் பளிச்சென்று வைக்கச் சொன்னாலும் வைக்க மாட்டான்.

எங்களுக்கு வழக்கமாக வேலை தருகிறவர் ஜெகதீசன். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கை. ஒருநாள் வந்து உட்கார்ந்தார். “எத்தினி நாளிக்கு ஏழுமல, அந்தப் பொண்ணு அருவிய பாத்துகினே நிக்கும்? அவங்க ஊரு தீவு ஒண்ணு இருக்குதாம். கோட்ட கீது, குதிர கீது. அதுக்கு முன்னாடி நம்ம புடவைய நிக்க வெச்சா, பாத்த ஒடனே அழுதுடுவாங்க. அழுதா வாங்குவாங்க.” புடவைப் பெண்களை ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தோம். தீவும் அதன் பழைய கட்டடங்களும் மட்டும் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் போய்வரலாம் என்றார். இம்மானுவேல் மானிட்டரைப் பார்த்தபடியே, தன்னிடம் பாஸ்போர்ட் இல்லை என்றான். அவனுடைய பாஸ்போர்ட் போட்டோவை எடுத்தவனே நான்தான்.

அவன் என்னோடு பேசுவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. ஒரே அறையில், ஆறடி இடைவெளியில் உட்காருகிறோம். கம்ப்யூட்டர் ஃபோல்டரில் நான் படத்தைப் போடுவேன். அவன் எடுத்துக்கொள்வான். எங்களுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தை அந்த ஃபோல்டர்தான். காரணம் நான் அடித்த ஒரு ஜோக்.

அவன் மகள் ஜெனியின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை செய்யாற்றில் ஷிப்ட் வேலைக்குப் போகிற பையன். சர்ச் ஹாலில் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். என் கையில் மைக்கைக் கொடுப்பவர்களைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும். “மாப்ள, பொண்ண ஒருவாட்டி நல்லா பாத்துக்கோங்க. நீங்க பாத்த போட்டோவ ரெடி பண்ணது எங்க இம்மானுவேலு. அவன் கைக்குப் போனா கரிகூட காலிஃப்ளவரா மாறிடும்” என்றேன். ஹாலே சிரித்தது. மாப்பிள்ளையின் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஜெனியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வீட்டில் ஜெனி பவுடர் டப்பாவைத் தொட்டால் போதுமாம், உங்கப்பாவிடம் கொடுத்து வெளுத்து வாங்கிக்கொண்டு வா என்பார்களாம். ஆல்பம் வாங்க வந்தபோது அவளே சொன்னாள். அப்போது இம்மானுவேல் சாப்பிடப் போயிருந்தான். ஆல்பத்தைப் பையில் வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “அப்பாவுக்கே என் கலரு புடிக்கல இல்ல மாமா?”

காதில் விழாத மாதிரி, செல்லோடேப்பை எங்கே வைத்தேன் என்று மேஜையில் தேட ஆரம்பித்தேன்.

அதனால் தனியாகப் புறப்பட்டேன். நெடுந்தீவுப் படகில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், இரண்டு சைக்கிள், ஒரு புது மெத்தை. மடியில் என் பலகை. கடற்படைச் சிப்பாய் ஒருவர் அதைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். இது என்ன, கதவா என்று கேட்கிறார் என்றார் பக்கத்தில் இருந்தவர். ஆமாம், வீடு பின்னால் வருகிறது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, படம் எடுக்கிற சாமான் என்று சுருக்கமாக முடித்துவிட்டார். சிப்பாய் தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல ஜோக். மொழிபெயர்ப்பில் செத்தது.

கால் மணி நேரத்தில் எனக்கு வயிறு புரட்டியது. ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகியவனுக்குக் கடல் என்ன செய்யும் என்று நினைத்திருந்தேன். செய்தது. என் முதுகைத் தடவியவர் யார் என்றுகூடத் தெரியாது. நிமிர்ந்தபோது கையில் ஒரு தேசிக்காய் இருந்தது. அங்கே எலுமிச்சைக்கு அதுதான் பெயர்.

நான் தங்கிய வீடு ஞானம் அக்காவுடையது. அறுபதைத் தொடுகிற வயது. மகனும் மகளும் கனடாவில். வாசலிலேயே கேட்டார்: “தனியவோ வந்தனீங்கள்?” அந்தக் கேள்வியை அன்று ஐந்து பேர் கேட்டார்கள். ஒருவரிடம், கூட வந்தவர் நீந்தி வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அவர் கவலையோடு கடலைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் ஜோக் அடிக்க மனசு வரவில்லை.

மதியம் கணவாய் மீன் கறியும் சிவப்பரிசிச் சோறும். கணவாயை நான் அதற்கு முன்னால் தொட்டதில்லை. முதல் வாய்க்கு ரப்பர் வளையம் மாதிரி இருந்தது. மூன்றாம் வாயில் சமாதானமாகி, ஐந்தாம் வாயில் இன்னும் கொஞ்சம் கேட்டேன். எங்கள் ஊரில் ஆறு உண்டு, அதில் தண்ணீர் இருப்பதில்லை என்றேன். இங்கே சுற்றிலும் தண்ணீர், வாயில் வைக்க முடியாது என்றார் ஞானம் அக்கா.

சாயங்காலம் கோட்டைக்குப் போனேன். பவளக் கல்லை அடுக்கிக் கட்டியது. பக்கத்தில் போனால் ஒவ்வொரு கல்லிலும் மூளையின் மடிப்பு மாதிரி வரிகள். எங்கள் ஊரிலும் கோட்டை உண்டு, ஆனால் மைதானம்தான் மிச்சம். இங்கே சுவர்கள் மிச்சம் இருந்தன. கூரைக்குப் பதில் வானம், தரையில் ஆடுகள். பலகையைக் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கேமராவுக்கு நடந்து, திரும்பிப் பார்த்தேன். காற்று பலகையைத் தூக்கிச் சுவரைத் தாண்டிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடினேன். வெள்ளையாக ஒரு துண்டு கடலில் மிதந்து போயிற்று. சிப்பாய் சொன்ன கதவு அதுதான்.

இந்த மாதிரிப் படத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் ஐந்தரை அடி உயரத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக விட வேண்டும், புடவைக்காரி பிறகு வந்து நிற்பாள். ஊரில் என்றால் இம்மானுவேல் அந்த இடத்தில் போய் நிற்பான், நான் அளவு பார்ப்பேன், அவன் விலகுவான், நான் எடுப்பேன். இங்கே என்னை ஏற்றிச் சுற்றிய ஆட்டோக்காரர் ரூபனை நிற்கச் சொன்னேன். அவர் தலையை வாரிக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அளவு பார்த்ததும் விலகச் சொன்னேன். நான்காவது இடத்தில் அவருக்கு வெறுத்துவிட்டது. “வந்து நில் எண்டுறியள், சிரிச்ச உடனே விலத்து எண்டுறியள். என்ன அண்ணை, என்ர முகத்தில என்ன குறை?” அவரை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அன்றைய படங்களை அனுப்ப இறங்குதுறைக்குப் போக வேண்டியிருந்தது. போனுக்கு சிக்னல் அங்கேதான் ஒழுங்காக வரும். ஃபோல்டரில் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் “போட்டாச்சு” என்று இம்மானுவேலுக்கு எழுதினேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. அரை மணி நேரம் நின்றேன். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் குதிரைகள். தீவின் தெற்கே வெட்டவெளியில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன. யாரோ வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவற்றின் வாரிசுகள் என்றார் ரூபன். போகிற வழியில் ஆட்டோ இருமி நின்றது. பெட்ரோல் இல்லை. தீவுக்குப் பெட்ரோலும் படகில்தான் வருகிறது. வாங்கிக்கொண்டு வருகிறேன், ஆறுதலாக இருங்கள் என்று ஒரு போத்தலோடு நடந்தே போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் நானும் பதினோரு குதிரைகளும். மரம் இல்லை, மேடு இல்லை, காற்றின் சத்தம் மட்டும். ஒரு பழுப்புக் குதிரை கிட்டத்தில் வந்தது. குள்ளம்தான், வயிறு பெரிது, சோகமான முகம். செய்யாறு மாப்பிள்ளையின் அத்தை சாயல். அதைச் சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். வலப்பக்கம் திரும்பினேன், வழக்கமாக அவன் சிரிக்கிற பக்கம். புல்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் ஜோக் அடித்தது உலகத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஓர் ஆளுக்குத்தான் அடித்திருக்கிறேன்.

நான் உங்களிடமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜெனியின் போட்டோவை வெளுத்தது இம்மானுவேல் இல்லை. நான்.

எங்கள் ஸ்டூடியோவிலிருந்து வரன் பார்க்கப் போகிற எந்தப் பெண்ணின் படமும் இரண்டு படி வெளுக்காமல் போகாது. யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். அது நான் பார்க்கிற வேலை. அவன் அதில் கை வைப்பதில்லை. ஜெனியின் படத்தைக் கொடுத்தபோது, “அப்டியே குடுறா, எம் பொண்ணு கலரு அதான்” என்றான். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி, இரண்டு படிக்கு மூன்றாக வெளுத்து அனுப்பிவிட்டேன். பிறகு மைக் கிடைத்ததும் அதை அவன் தலையில் கட்டிச் சிரிப்பு வாங்கினேன். அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான் இல்லை, இவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை. பிறகும் அவளிடம் சொல்லவில்லை என்பது ஜெனி கேட்ட கேள்வியில் தெரிந்துபோயிற்று. அவள் கேட்டபோதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். டேப்பை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

ரூபன் வந்தபோது கழுத்தெல்லாம் வெயிலில் வெந்திருந்தது. என்ன அண்ணை, அழுதனீங்களோ என்றார். புழுதி என்றேன். திரும்பும் வழியில் இறங்குதுறையில் நிறுத்தி, குதிரைகளையும் ஃபோல்டரில் போட்டேன்.

மூன்றாம் நாள் புறாக்கூடு, யானைக்கால் மாதிரி அடி பருத்த பெருக்க மரம், பாழடைந்த பழைய கோபுரம் ஒன்று. புறாக்கூடு என்பது சுவர் நிறையப் பொந்து வைத்த சின்ன மண்டபம். வெளியூருக்குச் சேதி அனுப்பப் புறா வளர்த்தார்களாம். எத்தனை புறா போயிற்று, எத்தனை பதில் கொண்டுவந்தது என்று ரூபனைக் கேட்டேன். எனக்கு முன்னமே நடந்த விசயம் அண்ணை என்றார்.

சாயங்காலம் ஞானம் அக்கா படங்களைப் பார்க்கக் கேட்டார். லேப்டாப்பை அடுப்படி வாசலில் வைத்துக் காட்டினேன். பனங்கிழங்கு மாவில் செய்கிற ஒடியல் கூழைக் கிண்டிக்கொண்டே பார்த்தார். வடிவாக இருக்கிறது, நடுவில் ஏன் ஒருவரையும் காணவில்லை என்றார். புடவை வியாபாரத்தை விளக்கினேன். கனடாவில் இருப்பவர்களுக்கு எங்கள் கோட்டையைக் காட்டிச் சீலை விற்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கரண்டியைத் தட்டிவிட்டு, “விக்கும்” என்றார். என் மகளே வாங்குவாள் என்றும் சொன்னார்.

சரி, ஒட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டலாமே என்று தோன்றியது. ஆரணியில் எடுத்த பெண் ஒருத்தியை, மாம்பழ நிறப் புடவைக்காரியை, அரைகுறையாக வெட்டிக் கோட்டை வாசலில் நிறுத்தினேன். எனக்கு என்னவோ உறுத்தியது. இன்னதென்று பிடிபடவில்லை. ஞானம் அக்காவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“இந்தப் பிள்ளைக்கு மட்டும் வேற ஊர் வெயில் அடிக்குது தம்பி.”

படத்தைப் பெரிதாக்கினேன். ஊரில் எடுத்த அத்தனை பெண்களுக்கும் இம்மானுவேல் பிடித்த பலகையின் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. தீவில் எடுத்த அத்தனை படத்திலும் வெயில் இடப்பக்கம். கோட்டையின் நிழல் ஒருபுறம் சாய, அவள் மூக்கின் நிழல் மறுபுறம் சாய்ந்தது. ஒரே படத்தில் இரண்டு சூரியன். மூன்று நாளும் காலை மாலை பார்க்காமல், என் இடக்கன்னத்தில் வெயில் படுகிற மாதிரியே நின்று எடுத்திருக்கிறேன். பலகையோடு அவன் நிற்கிற வலப்பக்கத்தை விட்டுவிட்டு நின்று பழகிய உடம்பு. எங்கே நிற்பது என்று இத்தனை வருஷமும் யோசித்தவன் அவன். நான் யோசித்ததே இல்லை.

படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிப் போடலாம். திருப்பினேன். வெயில் சரியாகப் போயிற்று. அக்காவிடம் காட்டினேன். “இது எங்கட கோட்டை இல்லை” என்றார். படி இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். கனடாவில் இருக்கிற பிள்ளையும் பார்த்த உடனே சொல்லுவாள் என்றார். அழ வேண்டியவர்கள் சிரித்துவிடுவார்கள். கூழ் நன்றாக இருந்தது. நண்டும் இறாலும் போட்டு, புளியும் காரமுமாக. எனக்குத்தான் இறங்கவில்லை.

நாலாம் நாள் காலை எனக்குப் படகு. ரூபன் என்னை இறங்குதுறையில் விட்டுவிட்டு, தன்னுடைய படத்தை மறக்காமல் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். ஆட்கள் ஏற இன்னும் நேரம் இருந்தது. போனை எடுத்தேன். வெளிச்சம் மாறிப்போச்சு, என்ன பண்ணலாம் என்று இம்மானுவேலுக்கு எழுதினேன். தொழில் கேள்வி. அதற்கு அவன் பதில் போட்டே ஆக வேண்டும். ஆறு மாதமாக நான் தேடிய சாக்கு கையில் கிடைத்துவிட்டது. அனுப்புகிற அம்புக்குறி மேல் விரலை வைத்தேன். பிறகு எழுதியதை அழித்தேன். மறுபடி டேப்பைத் தேடுகிற வேலைதான் இது என்று எனக்கே தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் ஜெனியின் பெயரைத் திறந்து, மைக் பட்டனை அழுத்திப் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பார்த்துப் பயம் வந்தது. பின்னால் ஆடுகள் கத்தின. யாரோ சிலிண்டரை உருட்டினார்கள்.

“ஜெனி, மாமா பேசறேன். உன் போட்டோவ வெளுத்தது உங்கப்பா இல்ல, நான். உங்கப்பா அப்டியே குடுன்னுதான் சொன்னான். எம் பொண்ணு கலரு அதான்னு சொன்னான். நான்தான் கேக்காம பண்ணேன், அப்புறம் அவன் மேல போட்டு சிரிச்சேன். நீ அன்னிக்கி கேட்டப்பவும் சொல்லல. இத உங்க மாமியாருக்குப் போட்டுக் காட்டு, அந்த அத்தைக்கும் காட்டு. நேர்ல வந்து சொல்லணும்னாலும் செய்யாறுக்கு வந்து சொல்றேன். தப்பு என்னுது.”

இதை அவளுக்கு அனுப்பினேன். அதையே இம்மானுவேலுக்கும் அனுப்பினேன். கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் நடுவில் ஒரு ஜோக்கைச் சொருகியிருப்பேன்.

ஜெனியிடம் நீலக் கோடு விழுந்தது. இருக்கும் வீட்டில் பத்துப் பேர், எப்போது கேட்பாளோ. இம்மானுவேலிடமும் நீலக் கோடு விழுந்தது. பெயருக்குக் கீழே எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. ஸ்டூடியோவில் இந்நேரம் அவன் மட்டும்தான் இருப்பான். என் நாற்காலி காலியாக இருக்கும்.

ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூட்டைகளைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரோ ஒருவர், நான் கேட்காமலே, என் கையில் ஒரு தேசிக்காயைத் திணித்தார். வந்தபோது நான் பட்ட பாடு தீவு முழுக்கத் தெரிந்திருக்கிறது. கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். போன் அதிர்ந்தது. இம்மானுவேல்தான்.

“குதிரைய திருப்பிட்டேன். கோட்டைய மறுபடி எடு.”